கணிப்பொறி நின்றுவிட்டால்...

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர்



ஒரு தலைமுறைக்கு முன்பு, நம் தஞ்சைத் தரணியில் கணிப்பொறி என்பது ஏதோ பட்டணத்து அலுவலகத்தில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் பொருளாகவே எண்ணப்பட்டது. இன்றோ நிலைமை வேறு. இந்தக் கல்லூரியில் சேர நாம் போட்ட விண்ணப்பம் கணிப்பொறி வழியே வந்தது. உதவித்தொகை அதன் வழியே வருகிறது. தேர்வு முடிவு அதில்தான் தெரிகிறது. நம் பெற்றோர் பட்டா சிட்டா எடுக்கவும், பயிருக்குக் காப்பீடு செய்யவும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் அதன் முன்னேதான் நிற்க வேண்டியிருக்கிறது. ஏர் பிடித்த கையும் எழுதுகோல் பிடித்த கையும் ஒன்றுபோல் அந்தத் திரையை நம்பி நிற்கின்றன.

அப்படி நம்பி நிற்கும் நேரத்தில் அது நின்றுவிட்டால்? அம்புக்குறி அசையவில்லை, விசையைத் தட்டினால் எழுத்து விழவில்லை, திரையில் இருந்த படம் இருந்தபடியே உறைந்து கிடக்கிறது. 'ஹேங் ஆகிவிட்டது' என்கிறோம். உடனே ஒருவர் விசைப்பலகையைப் படபடவென்று தட்டுவார். ஒருவர் மின்கம்பியைப் பிடுங்குவார். ஒருவர் கணிப்பொறியின் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டுவார்! இவற்றுள் எதுவும் மருந்தாகாது. அது ஏன் நிற்கிறது, நின்றால் முறையாக என்ன செய்ய வேண்டும் என்பதை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நின்றது எது?

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? மேட்டூர் அணையைத் திறக்கவில்லை என்று முதலிலேயே முடிவு கட்டிவிட மாட்டார். தம் வயலின் மடையைப் பார்ப்பார். அது திறந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பார். வாய்க்காலும் வறண்டிருந்தால் மேலே உள்ள மதகைப் பற்றி விசாரிப்பார். கணிப்பொறிக்கும் இதே முறைதான்.

நின்றது ஒரே ஒரு நிரலாக இருக்கலாம். நிரல் என்பது நாம் திறந்து வைத்திருக்கும் எழுதும் கருவி, இணைய உலாவி போன்றவற்றுள் ஒன்று. மற்றவை நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் அடைபட்டு நிற்கும். இரண்டாவதாக, எல்லா நிரல்களையும் மேய்க்கும் இயக்க முறைமையே நின்றிருக்கலாம். மூன்றாவதாக, கணிப்பொறி நலமாகவே இருக்க, இணையத் தொடர்பு மட்டும் அறுந்திருக்கலாம். இம்மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு. முதலாவது, அம்புக்குறியை அசைத்துப் பாருங்கள். அது நகர்ந்தால், பெரும்பாலும் இயக்க முறைமை உயிரோடு இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, விசைப்பலகையில் உள்ள 'கேப்ஸ் லாக்' விசையைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், விசைப்பலகையின் செய்தியை உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை முறை தட்டியும் விளக்கு மாறவில்லை என்றால் இயக்க முறைமையே நின்றிருக்கக்கூடும். மூன்றாவது, உலாவியில் பக்கம் மட்டும் சுழன்றுகொண்டிருக்க, மற்ற நிரல்கள் வேலை செய்தால் குறை இணையத்தில் இருக்கிறது. கணிப்பொறியைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

ஏன் நிற்கிறது?

காரணங்கள் பல. அவற்றுள் நான்கு முக்கியமானவை.

ஒன்று, இட நெருக்கடி. கணிப்பொறியில் வேலை நடக்கும் இடம் நினைவகம். பொருளைச் சேமித்து வைக்கும் இடம் வட்டு. முன்னதைக் களத்துமேடு என்றும் பின்னதைக் குதிர் என்றும் கொள்ளலாம். 2 ஜிபி, 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் இருபது பக்கங்களை ஒருசேரத் திறந்தால் களம் நிறைந்துவிடுகிறது. அப்போது இயக்க முறைமை, உடனே தேவைப்படாதவற்றை வட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேவையானதை எடுத்து வருகிறது. களம் மிகச் சிறியதாகவும் கட்டுகள் மிக அதிகமாகவும் இருந்தால், ஆட்கள் கதிர் அடிப்பதை விட்டுவிட்டுக் கட்டுகளை உள்ளேயும் வெளியேயும் தூக்கிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? அதே நிலைதான். பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் 1968ஆம் ஆண்டிலேயே இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகிறது; சுழலும் வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லி வினாடி. இரண்டுக்கும் ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு! முன்னது ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் பின்னது 27 மணி நேரத்துக்கும் மேல். உறைந்தது போல் தோன்றும் கணிப்பொறி உண்மையில் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. நம் வேலைதான் நகரவில்லை.

இரண்டு, முட்டுக்கட்டை. வாய்க்கால் கரைமேல் ஒற்றையடி வண்டிப்பாதை. ஒரு பக்கத்திலிருந்து அறுவடை இயந்திரம் வருகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் வருகிறது. 'நீ பின்னால் போ' என்று இருவரும் நிற்கிறார்கள். இருவருக்கும் பின்னால் வேறு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. யாராலும் நகர முடியாது. கணிப்பொறிக்குள்ளும் இப்படி நேர்கிறது. ஒரு நிரல் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டு அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கும். இன்னொன்று அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டு அதே கோப்புக்காகக் காத்திருக்கும். டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965ஆம் ஆண்டில் இந்தச் சிக்கலை மாணவர்களுக்கு ஒரு தேர்வுப் பயிற்சியாகவே அமைத்தார். முட்டுக்கட்டையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. ஒரு வண்டியை யாராவது அகற்றியே ஆக வேண்டும்.

மூன்று, முடிவில்லாச் சுழல். நிரல் எழுதியவர் நிறுத்தும் இடத்தைச் சரியாகக் குறிக்காவிட்டால், செக்கு மாடு போல் அது சுற்றிக்கொண்டே இருக்கும். 'அப்படியானால் இது நிற்குமா நிற்காதா என்று கணிப்பொறியே கண்டுபிடித்துச் சொல்லக்கூடாதா?' என்று கேட்கத் தோன்றும். எல்லா நிரல்களுக்கும் அப்படிச் சொல்லக்கூடிய பொதுவான வழி இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936ஆம் ஆண்டிலேயே கணித முறைப்படி நிறுவிவிட்டார். எனவே விண்டோஸ் 'பதிலளிக்கவில்லை' என்று காட்டுவது தீர்ப்பன்று, ஊகமே. ஒரு நிரல் தனக்கு வந்த செய்திகளை 5 வினாடிகளாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே அதன் பொருள். ஆறாவது வினாடியில் அது விழித்துக்கொள்ளவும் கூடும்.

நான்கு, உடற்குறை. சூடு, தூசி, பழுதான வட்டு, பொருந்தாத கருவி ஆகியவை. அறுவடைக் காலத்தில் நம் ஊர்களில் பறக்கும் பதரும் தூசியும் மடிக்கணினியின் காற்றுத்துளைகளை அடைத்துவிடுகின்றன. மூச்சு முட்டும் இயந்திரம் சூடாகி, முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு ஓய்ந்தே விடுகிறது.

செவ்வாயில் நின்ற கணிப்பொறி

கணிப்பொறி நிற்பது நம் ஊர் ஏழை இயந்திரங்களுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ண வேண்டாம். 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணிப்பொறி தானாகவே திரும்பத் திரும்ப அணைந்து எழத் தொடங்கியது. காரணம் மிகச் சுவையானது.

நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். முதல்வர் அவசரமாகப் பதிவறைக்குள் செல்ல வேண்டும். சாவி அலுவலக உதவியாளரிடம் இருக்கிறது. உதவியாளரோ வரமுடியவில்லை; நடுவில் மாணவர் கூட்டம் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டு 'எங்கள் வேலையை முதலில் முடியுங்கள்' என்கிறது. மாணவரைவிட முதல்வர் பெரியவர். ஆயினும் மாணவர்களால் முதல்வர் காத்திருக்கிறார்! பாத்ஃபைண்டரில் நடந்ததும் இதுவே. வானிலைச் செய்தி திரட்டும் சிறிய பணி ஒரு பொதுச் சாவியை வைத்திருந்தது. நடுத்தரப் பணி ஒன்று அதை ஓடவிடாமல் தடுத்தது. தலையாய பணி காத்துக் கிடந்தது. குறித்த நேரத்தில் தலையாய பணி முடியாததைக் கண்ட காவல் அமைப்பு, கணிப்பொறியை அணைத்து எழுப்பிக்கொண்டே இருந்தது.

பொறியாளர்கள் பூமியில் இருந்த அதே மாதிரிக் கணிப்பொறியில் அந்த நோயை வரவழைத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். சாவி வைத்திருக்கும் சிறியவருக்கு, அதைத் திருப்பித் தரும்வரை பெரியவரின் முன்னுரிமையைக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று அந்த இயக்க முறைமையிலேயே இருந்தது. அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செய்தி போய்ச் சேரவே 10 நிமிடம் பிடிக்கும் தொலைவிலிருந்து அதை இயக்கிவிட்டார்கள். கலம் நலமடைந்தது. அணைத்து எழுப்புவது உயிரைக் காக்கும். நோயைத் தீர்க்கக் காரணம் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது?

செய்ய வேண்டியவை

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. கீழ்க்காணும் படிகளை வரிசை மாறாமல் செய்து பாருங்கள்.

1. முதலில் கையை எடுத்துவிடுங்கள். விசைகளைத் தட்டத் தட்ட அவை அனைத்தும் வரிசையில் சேர்ந்து, கணிப்பொறி விழித்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும். வட்டின் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள்.

2. திரையில் சேமிக்காத எழுத்து ஏதும் தெரிந்தால், உடனே கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத காப்பு இது. எல்லாம் அழிந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்துவிடலாம். விண்ணப்ப எண் திரையில் இருந்தாலும் அதுவும் கைக்கு வந்துவிடும்.

3. நின்ற நிரலை மட்டும் மூடிப் பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். அதில் நின்ற நிரலைத் தேர்ந்து 'என்ட் டாஸ்க்' என்பதை அழுத்த வேண்டும். அந்த நிரலில் சேமிக்காதது போகும், மற்றவை பிழைக்கும். வழியை அடைத்த ஒரு வண்டியை அகற்றுவது என்பது இதுதான்.

4. அதுவும் திறக்கவில்லையானால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறிக்காக டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அமைத்த கூட்டு இது. கை தவறி அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே எட்ட எட்ட உள்ள விசைகளைத் தேர்ந்தார். அன்று அது கணிப்பொறியை உடனே அணைத்து எழுப்பியது. இன்றைய விண்டோஸில் இயக்க முறைமையே நேரடியாகக் கேட்கும் அழைப்பு அது. ஆகவே நிரல்கள் நின்றிருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். வரும் திரையின் வலப்பக்க மூலையில் மறுதொடக்கக் குறி இருக்கும்.

5. திரை மட்டும் உறைந்ததாகத் தோன்றினால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். படம் காட்டும் பகுதி மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும்.

6. லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காக்களூரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் பல வீடுகளுக்கு வந்தது. லினக்ஸில் ஆல்ட் விசையையும் 'பிரின்ட் ஸ்கிரீன்' விசையையும் பிடித்துக்கொண்டு ஆர், இ, ஐ, எஸ், யூ, பி என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் தட்டலாம். நிரல்களை முடித்து, வட்டில் எழுத வேண்டியதை எழுதி, பிறகே மறுதொடக்கம் செய்யும். சில லினக்ஸ் வகைகளில் இவற்றுள் சில எழுத்துகள் தடுக்கப்பட்டிருக்கும்.

7. புதிதாகச் செருகிய பென் டிரைவ், அச்சுப்பொறி போன்றவற்றைக் கழற்றிப் பாருங்கள். சிலசமயம் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

8. எதற்கும் அசையவில்லையென்றால், கடைசி வழியாக மின்விசையை விடாமல் 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். அணைந்தபின் அரை நிமிடம் கழித்து இயக்குங்கள். மின்கம்பியைப் பிடுங்குவதைவிட இது ஒழுங்கானது. ஆயினும் வட்டில் எழுதும் நேரத்தில் வெட்டினால் கோப்பு பாழாகலாம் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். 'புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று திரை சொல்லும்போது இதைச் செய்யவே கூடாது. அது நூற்றுக்கு இத்தனை என்று காட்டி அரைமணி நேரம் நின்றாலும் பொறுத்திருப்பதே நன்று.

9. எழுந்தபின், எழுதும் கருவியைத் திறந்து பாருங்கள். வேர்டு, லிப்ரே ஆபீஸ் இரண்டும் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்து வைக்கின்றன. 'மீட்கவா?' என்று கேட்டால் ஆம் என்று சொல்லி, புதிய பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நின்றால்

எப்போதோ ஒருமுறை நின்றால் மறுதொடக்கம் போதும். வாரம் தவறாமல் நின்றால் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று பொருள். முதல் வேலையாக உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் படி எடுத்து வையுங்கள். வட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை வந்தால் மற்றெல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். அது சாகும் வட்டின் ஓசை. பிறகு பணி மேலாளரில் நினைவகம், வட்டு ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். எப்போதும் நூற்றுக்கு நூறாக நிற்பது எதுவோ அதுவே இடுக்கு. வட்டு என்றால், சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வட்டு பொருத்துவது பழைய மடிக்கணினிக்குப் புத்துயிர் தரும். காற்றுத்துளைகளைத் துடைத்து, மெத்தை மேல் வைக்காமல் பலகை மேல் வைத்துப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய இயந்திரம் வைத்திருப்போர் லினக்ஸுக்கு மாறுவது பற்றி எண்ணலாம்.

ஆனால் புதுப்பிப்பும் சிலசமயம் வம்பாவதுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. பாதுகாப்பு முறையில் இயக்கி, குறையுள்ள ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் இயந்திரங்கள் எழுந்தன. அன்று விமானங்களை நகர்த்தியது காகிதமும் பேனாவும்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கடைசி நாளும் கணிப்பொறியும்

இதை நான் பொழுதுபோக்காக எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் குத்தகை நிலத்தில் சம்பா பயிரிடுபவர். பயிர்க் காப்பீட்டில் ரபி பருவ உணவுப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான். ஆனால் கடைசி நாளுக்குள் பதிவாக வேண்டும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டதைக் கண்ட எங்களுக்கு, அந்தப் பதிவுச் சீட்டின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு கடைசி நாளில், எங்கள் பக்கத்து ஊர் மையம் ஒன்றில் தந்தையாருடன் வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்து, பணம் செலுத்தும் விசையை அழுத்தியதும் திரை உறைந்தது. எங்களுக்குப் பின்னால் முப்பது பேருக்குக் குறையாது. பணிபுரிந்த அக்கா பதறிப்போய் மின்விசையை அழுத்தி அணைத்துவிட்டார். இயந்திரம் எழுந்ததும், "அண்ணே, பணம் போகல போலருக்கு. மறுபடி முதல்லேருந்து போட்டுடவா?" என்று கேட்டார். தந்தையார் என் முகத்தைப் பார்த்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் பொறுங்க. மறுபடி கட்டிடாதீங்க. முதல்ல அந்த விண்ணப்பம் என்ன நிலையில இருக்குன்னு பாத்துடுவோம்" என்றேன்.

பார்த்தார். பணம் முன்பே போய்ச் சேர்ந்து, விண்ணப்பமும் பதிவாகியிருந்தது. நின்றது அவர் முன் இருந்த இயந்திரம்; தொலைவில் இருந்த இயந்திரம் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. சீட்டை அச்செடுத்துக் கொடுத்தார். அதன்பின் வந்தவர்களுக்கெல்லாம், பணம் கட்டும் முன்பே விண்ணப்ப எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். மாலைவரை அந்தக் கணிப்பொறி இன்னும் இருமுறை நின்றது. ஒருவருக்கும் இரட்டைப் பணம் போகவில்லை. ஒருவரும் பதிவில்லாமல் திரும்பவில்லை.

ஆகவே பணம் செலுத்தும் வேளையில் நின்றால் மூன்றை நினைவில் வையுங்கள். விண்ணப்ப எண்ணை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்தவுடன் அதன் நிலையையும் வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும். பணம் போகவில்லை என்று உறுதியான பிறகே மறுமுறை செலுத்த வேண்டும். இயன்றவரை கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே போய்விட்டால், இந்தக் கட்டுரையே தேவைப்படாது!

முடிவுரை

கணிப்பொறி மந்திரப் பெட்டியன்று. மனிதர் எழுதிய கட்டளைகளை மனிதர் செய்த கருவி நிறைவேற்றுகிறது, ஆதலால் நிற்கும். நின்றால் பொறுத்துப் பார்த்து, நின்றது எது என்று பிரித்தறிந்து, சிறிய மருந்திலிருந்து பெரிய மருந்துக்குப் போவதே முறை. நம்மில் பலர் வீட்டில் கணிப்பொறி தெரிந்தவர் நாம் ஒருவரே. சம்பாப் பதிவுக் காலத்திலும், கல்லூரிச் சேர்க்கைக் காலத்திலும், ஓய்வாக உள்ள ஒரு சனிக்கிழமை நம் ஊர் மையத்துக்குப் போய் அங்கு நிற்கும் பெரியவர்களுக்குத் துணையாக இருப்போம். படித்த படிப்பு ஊருக்குப் பயன்பட அதுவே நல்ல தொடக்கம்.